பண்ணைப் பாலத்துக்குக் கீழே மின்சாரம் எடுக்கலாமா? வற்றுப்பெருக்குத் திட்டம் ஒன்றை எடைபோடும் முழு வழிகாட்டி

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை கறண்ட் நின்ற காலத்தில், யாழ்ப்பாணத்தில் ஆளுக்கொரு மின் திட்டம் வைத்திருந்தார்கள். அதில் அடிக்கடி காதில் விழுந்தது இது: "பண்ணைப் பாலத்துக்குக் கீழ தண்ணி என்ன இழுவை இழுக்குது, அதில ஒரு மெசினைப் பூட்டினா என்ன?" கேட்டவர்களைச் சிரித்து அனுப்பிவிட முடியாது. பிரான்சில் றான்ஸ் ஆற்றின் கழிமுகத்தில் 1966 இலிருந்து வெறும் வற்றுப்பெருக்கை, அதாவது கடல் ஏறி இறங்குவதை, வைத்தே 240 மெகாவாற் நிலையம் ஒன்று ஓடுகிறது. இங்கே சரிவருமா வராதா என்று ஒரு வரியில் பதில் சொல்லலாம்தான், ஆனால் அந்தப் பதிலுக்கு எப்படி வந்தோம் என்று காட்டாவிட்டால் அடுத்த மின்வெட்டோடு கேள்வியும் திரும்பி வந்துவிடும். அதனால் ஒரு கழிமுகத்துக்கோ கடல்நீரேரிக்கோ இப்படியொரு திட்டம் வந்தால், அதன் நன்மையையும் பாதிப்பையும் எந்த வரிசையில் பார்ப்பது என்று எழுதுகிறேன். உதாரணத்துக்குப் பண்ணைப் பாலம் கடக்கிற எங்கள் யாழ்ப்பாணக் கடல்நீரேரியே இருக்கிறது. பக்கத்தில் ஒரு கல்குலேற்றர் இருந்தால் போதும்.

யாழ்ப்பாணத்தில் கழிமுகம் என்று சொல்ல வழுக்கையாறு கடல்நீரேரியில் விழுகிற இடத்தை விட்டால் வேறில்லை, அதுவும் மாரியில் மட்டும் ஓடுகிற ஆறு. ஆனாலும் ஒடுங்கிய வாயால் கடல் உள்ளே வந்து போவது, உள்ளே ஆழம் குறைந்த பரவைக்கடல், கரையில் வயலும் கிணறும் என்று பார்த்தால், கழிமுகத்துக்குப் பொருந்துகிற கேள்விகள் எல்லாம் இங்கேயும் பொருந்தும்.

முதலில்: என்ன வகைத் திட்டம்?

"வற்றுப்பெருக்கு மின்சாரம்" என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு வேலைகள் நடக்கின்றன, இரண்டையும் கலந்து பேசுவதால்தான் பாதிச் சண்டை. ஒன்று, வாயை அடைத்து அணை கட்டுவது. பெருக்கில் தண்ணீரை உள்ளே விட்டு, கதவைப் பூட்டி வைத்து, வெளியே கடல் வற்றியதும் உள்ளே நிற்கிற உயர்ந்த தண்ணீரைச் சுழலிகள் வழியாக விடுவது. றான்ஸில் இருப்பது இதுதான், ஒவ்வொன்றும் 10 மெகாவாற்றாக 24 சுழலிகள். மற்றது, அணை எதுவும் இல்லாமல் ஓடுகிற நீரோட்டத்தில் காற்றாலை மாதிரி ஒரு சுழலியை இறக்குவது. ஸ்கொட்லாந்துக்கு வடக்கே பென்ற்லண்ட் நீரிணையில் மேஜென் என்ற திட்டத்தில் ஒவ்வொன்றும் 1.5 மெகாவாற்றாக நான்கு சுழலிகளை அப்படித்தான் கடலடியில் நிறுத்தியிருக்கிறார்கள். முதலாவது வகையில் நீர்மட்ட வித்தியாசம்தான் எரிபொருள், இரண்டாவதில் வேகம். பாதிப்பும் வேறு வேறு. திட்டத்தைக் கொண்டுவருகிறவர் எதைச் சொல்கிறார் என்று தெளிவாகக் கேட்காமல் அடுத்த படிக்குப் போகவே வேண்டாம்.

இரண்டாவது: அணை என்றால் உயரத்தின் வர்க்கம்

பெருக்குக்கும் வற்றுக்கும் இடையில் நீர்மட்டம் எத்தனை மீற்றர் மாறுகிறது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிற எண். கிடைக்கக்கூடிய சக்தி அந்த உயரத்தின் வர்க்கத்துக்கு விகிதசமம்: உயரம் பாதியானால் சக்தி கால்வாசி. உயர்தரத்தில் பௌதிகம் படித்தவர்களுக்குச் சூத்திரம் உடனே பிடிபடும். நீரின் அடர்த்தி, புவியீர்ப்பு ஆர்முடுகல், அடைத்த பரப்பு, உயரத்தின் வர்க்கம், எல்லாவற்றையும் பெருக்கி இரண்டால் வகுத்தால் ஒரு தடவை நிரப்பி வெறுமையாக்குவதில் உள்ள சக்தி வரும்.

றான்ஸில் சராசரி வித்தியாசம் 8 மீற்றர் அளவு. அங்கே ஒரு சதுர கிலோமீற்றரை ஒரு தடவை வெறுமையாக்கினால் கிட்டத்தட்ட 89,000 யூனிற். இலங்கைக் கரை முழுவதிலும் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்குக் குறைவுதான், யாழ்ப்பாணப் பக்கம் நல்ல பறுவத்திலும் அமாவாசையிலும் அரை மீற்றர் சொச்சம். அரை மீற்றரைச் சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள்: அதே ஒரு சதுர கிலோமீற்றருக்கு 350 யூனிற். 256 மடங்கு வித்தியாசம்.

சரி, பரப்பைக் கூட்டிவிட்டால்? கடல்நீரேரியில் 100 சதுர கிலோமீற்றரை அடைத்துவிட்டோம் என்றே வைப்போம். ஒரு தடவைக்கு 35,000 யூனிற், அது தாளில் மட்டும். றான்ஸின் 22 சதுர கிலோமீற்றருக்கு இதே கணக்கைச் செய்து, அங்கே உண்மையில் வருடத்துக்குக் கிடைக்கிற சுமார் 50 கோடி யூனிற்றோடு ஒப்பிட்டால், தாளில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்குதான் கையில் வருகிறது என்று தெரியும். ஆக 12,000 யூனிற்றுக்குக் கொஞ்சம் குறைவு. நாளுக்கு இரண்டு தடவை என்று எடுத்தால் 22,000 அல்லது 23,000 யூனிற், சராசரியாக ஒரு மெகாவாற்கூட இல்லை. மன்னாரில் நிற்கிற தம்பபவனிக் காற்றாலை ஒன்றின் திறன் 3.45 மெகாவாற், அது சராசரியாக மூன்றில் ஒரு பங்கில் ஓடினாலே இதைத் தாண்டிவிடும். நூறு சதுர கிலோமீற்றர் கடலை அடைத்து ஒரு காற்றாடியின் மின்சாரம்!

இதுவும் தாராளமான கணக்கு. ஒடுங்கிய வாயால் உள்ளே போகும்போது வற்றுப்பெருக்கு இன்னும் தணிந்துவிடும். அரை மீற்றர் உயரத்தில் ஒழுங்காகச் சுழலக்கூடிய பெரிய சுழலி ஒன்றைத் தேடிப் பிடிப்பதும் லேசில்லை. பொதுவாகச் சராசரி வித்தியாசம் 5 மீற்றருக்குக் குறைந்தால் அணைத் திட்டத்தை யாரும் பொருட்படுத்துவதில்லை. இந்தியாவின் காம்பே வளைகுடாவில் 11 மீற்றர் வரை போகிறது, அங்கேயே இன்னும் வணிக நிலையம் ஒன்றும் வரவில்லை.

மூன்றாவது: பாலத்துக்குக் கீழே என்றால் வேகத்தின் கனம்

அணை வேண்டாம், பண்ணையிலோ சங்குப்பிட்டியிலோ பாலத்தடியில் சுழலி மட்டும் இறக்குவோம் என்பது இதைவிட நியாயமான யோசனை. இங்கே சக்தி வேகத்தின் கனத்துக்கு விகிதசமம், அதாவது வேகம் இருமடங்கானால் எட்டு மடங்கு. செக்கனுக்கு 2.5 மீற்றர் ஓடுகிற தண்ணீரில் ஒரு சதுர மீற்றருக்கு 8 கிலோவாற் இருக்கிறது, 1 மீற்றர் வேகத்தில் அரைக் கிலோவாற், அரை மீற்றர் வேகத்தில் 64 வாற், பழைய குண்டு பல்ப் ஒன்றின் அளவு.

வேகத்தை நீங்களே அளக்கலாம். பாலத்தின் ஓரத்தில் 20 மீற்றர் தூரத்தைக் குறித்துக்கொண்டு, பாதிக்கு மேல் அமிழ்ந்து மிதக்கிற தோடம்பழம் ஒன்றைப் போட்டு, போனில் நேரத்தைப் பிடியுங்கள். தூரத்தை நேரத்தால் வகுத்தால் மேற்பரப்பு வேகம். கீழே போகப் போக ஓட்டம் குறையும் என்பதால் 0.85 ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். ஒரு தடவை போதாது. பறுவத்தன்று ஒன்று, அட்டமியன்று ஒன்று, சோழகக் காற்று அடிக்கிற காலத்தில் ஒன்று, மாரியில் ஒன்று. எங்கள் ஆழம் குறைந்த கடலில் காற்றும் மழையும் வற்றுப்பெருக்கோடு போட்டிபோடும், ஒரு நாள் பார்த்த இழுவை நிலவால் வந்ததா காற்றால் வந்ததா என்று பிரித்தறியாமல் வருடக் கணக்குப் போட முடியாது. தண்ணீருக்குள் இறங்கி அளக்க வேண்டாம், பாலத்தடி இழுவை ஆளையும் இழுக்கும்.

உச்ச வேகம் செக்கனுக்கு 1 மீற்றர் என்று வந்தால் என்ன கிடைக்கும்? 10 சதுர மீற்றர் வாய் உள்ள சுழலி, செயற்றிறன் 35 சதவீதம் என்று எடுத்தால் உச்சத்தில் 1.8 கிலோவாற். ஓட்டம் பெருக்கிலிருந்து வற்றுக்கு மாறும்போது நின்று திரும்புவதால் சராசரி அதில் பாதிக்கும் குறைவு, நாளுக்கு 18 யூனிற் வரை. வீட்டுக் கூரையில் 5 கிலோவாற் சோலார் பூட்டினால் யாழ்ப்பாண வெயிலுக்கு அதே அளவு கிடைத்துவிடும், அதுக்கு உப்பும் பிடிக்காது, சாதாழையும் (கடற்புல்) சுற்றாது, மட்டியும் ஒட்டாது. ஆழத்தையும் மறக்க வேண்டாம். மேஜென் சுழலிகளின் விட்டம் 16 மீற்றருக்கு மேல், எங்கள் பரவைக்கடலில் பல இடங்களில் இடுப்பளவு தண்ணீர்.

ஒரு மாணவர் குழு பாலத்தடியில் சிறிய சுழலி ஒன்றை வைத்து ஒரு விளக்கை எரிய வைத்தால் நான் கைதட்டுவேன், அதில் படிக்க நிறைய இருக்கிறது. அதை மின் திட்டம் என்று அறிவித்துப் பணம் கேட்டால்தான் பிரச்சினை.

நான்காவது: எப்போது வருகிற மின்சாரம்?

நன்மைப் பக்கத்தில் நேர்மையாக எழுத வேண்டியது இது. காற்று எப்போது விழும் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது, மேகமும் அப்படித்தான், ஆனால் வற்றுப்பெருக்கை இருபது வருடம் முன்கூட்டியே அட்டவணை போடலாம். மின்வலையை நடத்துகிறவர்களுக்கு அது பெரிய நிம்மதி. கட்டினால் நீண்டகாலம் நிற்கும் என்பதற்கு ஐம்பது வருடம் தாண்டியும் ஓடுகிற றான்ஸே சாட்சி, அதற்கு மேலால் வீதியும் போகிறது. எரிபொருள் இறக்குமதி இல்லை, புகை இல்லை.

ஆனால் முன்கூட்டியே தெரிவதும் தேவைப்படும்போது கிடைப்பதும் வேறு. ஒரு சுற்றுக்கு 12 மணி 25 நிமிடம், அதனால் ஒவ்வொரு நாளும் உச்சம் 50 நிமிடமளவு பிந்துகிறது. இன்று மாலை ஏழு மணிக்குச் சரியாக வந்து விழுந்த மின்சாரம் ஒரு வாரம் கழித்து நடுச்சாமம் தாண்டி, எல்லாரும் நித்திரையாக இருக்கும்போது வரும். பற்றரி சேர்க்க வேண்டும் என்றால் அந்தச் செலவையும் இந்தத் திட்டத்தின் கணக்கிலேயே எழுதுங்கள்.

ஐந்தாவது: அந்தத் தண்ணீர் இப்போது என்ன வேலை செய்கிறது?

மேலே உள்ள கணக்கோடு யாழ்ப்பாணத்துக்கான விடை கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. ஆனால் தடுப்பணை, தாம்போதி, மதகு என்று எந்தப் பெயரில் வாயை ஒடுக்குகிற திட்டம் வந்தாலும் இந்தப் படி தேவைப்படும், அதனால் இதில் கொஞ்சம் நின்று பார்ப்போம். கடல் வந்து போவதைச் சும்மா வீணாகிற சக்தி என்று எழுதுகிறவர்கள் கரையில் இருந்து பார்க்காதவர்கள்.

இறாலில் தொடங்குங்கள். தாய் இறால் கடலில் முட்டை போடும், குஞ்சுகள் பெருக்கோடு கடல்நீரேரிக்குள் வந்து, சேற்றிலும் சாதாழையிலும் கண்டல் வேர்களுக்கிடையிலும் வளர்ந்து, திரும்பக் கடலுக்குப் போகும். வாயில் கதவு வைத்தால் இரண்டு பயணமும் தடைப்படும். நண்டும் கடலுக்கும் உள்ளுக்கும் போய்வருகிற சாதிதான். ஒட்டி, ஓரா மீன்கள் எல்லாம் மேய்கிற சாதாழைக்கு வெளிச்சம் வேண்டும், கலங்கல் கூடினால் அது அழியும். சிறகுவலைக்காரர் நம்பியிருப்பதே வற்றையும் பெருக்கையும்தான், ஓட்டம் நின்றால் அந்த வலையில் மீன் தானாக வந்து ஏறாது.

வெளியூர் அனுபவத்தைப் பாருங்கள். றான்ஸைக் கட்டும்போது வேலைக்கு வசதியாகக் கழிமுகத்தை ஏறத்தாழ மூன்று வருடம் கடலிலிருந்து முற்றாகப் பிரித்து வைத்தார்கள். உள்ளே இருந்த கடலுயிர் பெரும்பாலும் அழிந்துபோனது, நிலையம் ஓடத் தொடங்கிப் பத்து வருடமளவில்தான் ஒரு புதிய சமநிலை வந்தது. புதியது என்று சொல்வதைக் கவனியுங்கள், பழையது திரும்பவில்லை. சில மீன்கள் காணாமல் போயின, சில கூடின, சேறு படிகிற இடங்கள் மாறின. கனடாவில் அனாபொலிஸ் நிலையம் 1984 இல் ஒரேயொரு சுழலியோடு, 20 மெகாவாற் திறனில் தொடங்கியது. சுழலிக்குள் அகப்பட்டு மீன் சாகிறது என்ற முறைப்பாடு முடியவேயில்லை, கடைசியில் 2019 இல் உறுப்பு ஒன்று பழுதானதோடு மூடியேவிட்டார்கள். அங்கே தாம்போதி ஏற்கெனவே இருந்தது, புதிதாக அடைத்ததுகூட இல்லை.

அடுத்தது வற்றில் வெளிப்படுகிற சேற்றுத்தரை. அணை போட்டால் உள்ளே நீர்மட்டம் சராசரியாக உயர்ந்தே நிற்கும், அதனால் அந்தத் தரையில் ஒரு பங்கு நிரந்தரமாகத் தண்ணீருக்குள் போய்விடும். மாரியில் வருகிற வலசைப் பறவைகளின் சாப்பாட்டு மேசை அதுதான். பூநாரையைப் பார்க்க சுண்டிக்குளத்துக்கும் மண்டைதீவுக்கும் கமெராவோடு போகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். இங்கிலாந்தில் செவேர்ண் கழிமுகத்தை 16 கிலோமீற்றர் அணையால் மறித்தால் நாட்டின் மின்சாரத்தில் 5 சதவீதம் கிடைக்கும் என்று கணக்கு இருந்தது. 14 மீற்றர் வரை வித்தியாசம் உள்ள, உலகிலேயே தேர்ந்த இடங்களில் ஒன்று. 3,000 கோடி பவுணுக்கு மேல் போகும் செலவும் சேற்றுத்தரை இழப்பும் சேர்ந்து, 2010 இல் அரசு அதைக் கைவிட்டது.

பிறகு எங்கள் கிணறுகள். வெளிநாட்டு அறிக்கைகளில் இந்தத் தலைப்பு அநேகமாக இராது, யாழ்ப்பாணத்தில் இதுதான் முதலாவது தலைப்பாக இருக்க வேண்டும். எங்களுக்கு வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை, சுண்ணாம்புக்கல்லுக்குள் உப்புத் தண்ணீருக்கு மேல் மிதக்கிற நன்னீர்தான் எல்லாம். நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்பும் இருப்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு அடி நன்னீர் நின்றால் கீழே நாற்பது அடி நன்னீர் என்பது பொதுவிதி. ஆகவே பக்கத்திலுள்ள உப்புநீரின் மட்டம் சில அங்குலம் நிரந்தரமாக உயர்ந்தாலும், கரையோரக் கிணற்றில் அதன் விளைவு அங்குலக் கணக்கில் நிற்காது. அணையால் உள்ளே உயர்வது உப்புநீர் என்றால் கேடு, மழைநீர் என்றால் நன்மை. எது என்பதைத் திட்டக்காரர் எழுத்தில் தர வேண்டும்.

வெள்ளம் கடைசி. 2008 நவம்பரில் நிஷா புயல் மழையில் குடாநாடு மூழ்கியது நினைவிருக்கும். உள்ளே மழைநீர் ஏறும்போது வாய் எவ்வளவு திறந்திருக்கிறதோ அவ்வளவு வேகமாக வடியும். அணை, கடல் பொங்கி உள்ளே வருவதைத் தடுக்கும் என்பது உண்மையான நன்மைதான், அதே அணை வெள்ளத்தையும் மறிக்கும்.

ஆறாவது: ஏற்கெனவே அடைத்த இடமா, திறந்த இடமா?

இந்த ஒரு கேள்வி முழுத் தராசையும் மாற்றிவிடும். தென்கொரியாவில் சிஹ்வா என்ற இடத்தில் 12.7 கிலோமீற்றர் கடற்சுவர் கட்டி, உள்ளே நன்னீர் ஏரி ஆக்கி விவசாயத்துக்கு எடுப்பதாகத் திட்டம். சுவர் 1994 இல் முடிந்தது. ஓட்டம் நின்ற தண்ணீரில் தொழிற்சாலைக் கழிவும் சேர்ந்து ஏரி நாறியது, நன்னீர்க் கனவைக் கைவிட்டுக் கடல்நீரைத் திரும்ப உள்ளே விட வேண்டியதாயிற்று. அப்படி விடுகிற வாயிலேயே 254 மெகாவாற் நிலையத்தைக் கட்டி 2011 இல் திறந்தார்கள், தண்ணீரின் தரமும் திருந்தியது. திறந்திருந்த கழிமுகத்தை அடைத்து எடுத்த மின்சாரத்துக்கும், அடைத்திருந்ததைத் திறந்து எடுத்த மின்சாரத்துக்கும் உள்ள வித்தியாசம் இது.

எங்கள் பக்கம் அடைத்த வாய்களுக்குக் குறைவில்லை. தொண்டைமானாற்றில் தடுப்பணை, அரியாலையில் உப்பாற்றுக்குத் தடுப்பணை, ஆனையிறவில் வீதியும் தண்டவாளமும் போகிற அணைக்கட்டு, தீவுகளுக்குப் போகும் தாம்போதிகள். பொறியியலாளர் ஆறுமுகம் 1950களில் முன்வைத்த "யாழ்ப்பாணத்துக்கு ஒரு ஆறு" திட்டமும், ஆனையிறவுப் பக்கக் கடல்நீரேரியை நன்னீராக்கி வடமராட்சிக்கும் உப்பாற்றுக்கும் கொண்டுவருவதுதான். அதற்கும் இறால்காரர் எதிர்ப்பு உண்டு, விவசாயிகள் ஆதரவு உண்டு, இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. என் அபிப்பிராயம் கேட்டால், தாம்போதிகளில் மதகைக் கூட்டி ஓட்டத்தைத் திறந்துவிடுவதால் கடல்நீரேரிக்கு வருகிற நன்மை, எந்தச் சுழலி தருகிற மின்சாரத்தையும்விடப் பெறுமதியானது. அது மின்சாரத் திட்டம் அல்ல, அதனால் ஒருவரும் அதற்கு நாடா வெட்ட வரமாட்டார்கள்.

ஏழாவது: அதே காசுக்கு வேறு என்ன?

பாதிப்பு குறைவா என்று மட்டும் பார்க்காதீர்கள், எதோடு ஒப்பிட்டுக் குறைவு என்று பாருங்கள். டீசல் ஜெனறேற்றரோடு ஒப்பிட்டால் எதுவும் நல்லதாகத் தெரியும். பளைப் பக்கம் காற்றாலைகள் ஏற்கெனவே சுற்றுகின்றன. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்கு என்று இந்திய உதவியில் தீட்டிய திட்டத்திலும் வெயில், காற்று, பற்றரி, துணைக்கு டீசல்தான், வற்றுப்பெருக்கு இல்லை. சுற்றிவரக் கடல் உள்ள தீவுகளுக்கே அதைத் தெரிவுசெய்யவில்லை என்றால் காரணம் மேலே போட்ட கணக்குத்தான்.

கடைசியாக: அறிக்கை வந்தால் எதைத் தேடுவது

பெரிய திட்டம் என்றால் தேசியச் சுற்றாடல் சட்டத்தின்கீழும் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழும் சுற்றாடல் தாக்க மதிப்பீடு தேவைப்படும், அறிக்கையைப் பார்வைக்கு வைத்து மக்கள் கருத்துச் சொல்ல 30 நாள் தருவார்கள். முப்பது நாளில் அறுநூறு பக்கம் படிக்க ஏலாது, நேராக இவற்றைத் தேடுங்கள். எத்தனை மாதம் அளந்த நீர்மட்டமும் வேகமும், அதில் மாரியும் சோழகமும் இரண்டும் உண்டா? மெகாவாற்றில் எழுதிய திறனுக்குப் பக்கத்தில் வருடத்துக்கு எத்தனை யூனிற் என்று இருக்கிறதா? கட்டும் காலத்தில் வாய் முற்றாக மூடப்படுமா, எத்தனை மாதம்? இறால், நண்டுக் குஞ்சு உள்ளே வரும் மாதங்கள் எவை என்று மீனவர் சங்கங்களிடம் கேட்டு எழுதினார்களா, எந்தச் சங்கம் என்று பெயர் இருக்கிறதா? கரையோரக் கிணறுகளின் இப்போதைய உப்புத்தன்மையை அளந்து வைத்திருக்கிறார்களா? இப்போதே அளக்காவிட்டால் பின்னால் உப்பாகிவிட்டது என்று எதை வைத்து நிரூபிப்பது? வள்ளம் போகிற வழி எங்கே, அதற்குக் காசு உண்டா? திட்டம் தோற்றால் கழற்றி எடுக்கிற செலவை யார், எந்தக் கணக்கில் இப்போதே வைப்பிலிடுகிறார்கள்? கதவுகளைத் திறந்து மூடுகிற அதிகாரம் எந்தத் திணைக்களத்தின் கையில், மாரி வெள்ளத்தில் இரவு இரண்டு மணிக்குத் தண்ணீர் வீட்டுக்குள் ஏறினால் அழைக்க வேண்டிய தொலைபேசி இலக்கம் என்ன?